நின்ற இடத்தில் மிதித்த சைக்கிள்

இந்த வயதிலும் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தை நான் சைக்கிளை விட்டு இறங்காமல் ஏறுவேன். என் மகன்மாருக்கு ஏலாது; அவர்கள் படித்தவர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கடை, லொறிகள், மாடி வீடு எல்லாம் இந்தக் கால்கள் உழைத்தவை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நாளாகத்தான் உச்சிக்கு வந்ததும் ஒரு களைப்பு. அது காலில் இல்லை. அங்கே நின்றால் துறைமுகம் தெரியும், அதனால் வருவது.

சண்டைக் காலத்தில் இதே இறக்கத்தில்தான், கூட்டாளிகளுக்கு முன்னால் மாமாவின் சைக்கிளை இரண்டு கையையும் விட்டு ஓட்டிக்காட்டி, தெருவோரக் கழிவுநீர்க் கானுக்குள் விழுந்து இடது காலை முறித்துக்கொண்டேன். மாமா அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். அப்பா வெளிநாட்டில் இருந்தபடியால் எங்களோடுதான் இருந்தார்.

முறிவுக்குப் பார்க்கிற பரியாரியார் மட்டை வைத்துக் கட்டினார். கட்டை அவிழ்த்த அன்று என் காலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. முருங்கைக்காய் போலச் சூம்பிக் கிடந்தது.

என்னை விழுத்தின அந்தச் சைக்கிளையே மாமா குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, பின்சில்லு நிலத்தில் படாமல் ஸ்ராண்டில் நிறுத்தினார். டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் கொழுவினார். மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை என்றிருந்த நாட்களில் பலர் வீடுகளில் ரேடியோ இப்படித்தான் பாடியது.

"மருமோன், செய்தி துவங்கப்போகுது. ஏறு."

"நான் என்ன செக்குமாடே, மாமா?"

"செக்குமாடு சுத்தியாவது வரும். நீ நிண்ட இடத்திலதானே நிக்கிறாய். மிதி!"

நான் தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். ஊன்றி மிதித்தால் மேலே ஏறி வரும். பின்னேரங்களில் வியர்த்து ஒழுக மிதித்தேன். மாமாவுக்குச் செய்தி கேட்கும் ஆசை, அதற்கு என் கால் அகப்பட்டுக்கொண்டது என்றே நினைத்தேன். ஆனாலும் நாட்டின் செய்தி முழுவதும் என் காலால்தான் ஓடுகிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "போதும், விடடா தம்பி. அவன் நொண்டியாவே கிடக்கட்டும்" என்பார்.

"சூம்பின கால் பிறகு வராது, அக்கா. வீட்டுக்குள்ள மிதிக்கட்டும். வெளியில நொண்டட்டும்."

பெற்ற தாய் பிள்ளையின் கால் சுகமாவதை விரும்பாமல் இருப்பாரா? எனக்கு நெஞ்சு வெந்தது. வீட்டுக்குள் தடியில்லாமல் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய பிறகும், படலைக்கு வெளியே தடி இல்லாமல் விடமாட்டார்கள். ஒழுங்கைப் பெடியள் "நொண்டி" என்று கூப்பிட்டார்கள். வயதுக்கு மீறின உயரம், அரும்பு மீசை, கையில் கிழவனின் தடி!

ஒருநாள் விடிய முன்னம் ஆமியின் சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அம்மா தடியை என் கையில் திணித்தார். ஊர் முழுக்க நிற்கிற இடம்; நிமிர்ந்து நடந்து காட்ட இதைவிட நல்ல நாள் வருமா? தடியைப் படலையில் சாத்தப் போனேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இண்டைக்கு மட்டும் நல்லா நொண்டு, மருமோன். எனக்காக."

அவர் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. நொண்டினேன். வரிசையில் ஆமிக்காரன் என் சாரத்தை உயர்த்தச் சொல்லி, காலைப் பார்த்து, தலையாட்டி வீட்டுப் பக்கம் கையைக் காட்டினான். பின்னால் நின்ற மாமாவின் கால்களையும் பார்த்தான். மூட்டை சுமந்து உருண்டு திரண்ட கால்கள். அவரை ட்ரக் பக்கம் போகச் சொன்னான்.

ட்ரக்கில் ஏறின மாமா, நான் தடியூன்றித் தத்தித் தத்திப் போவதைப் பார்த்துச் சிரித்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. நொண்டச் சொல்லிவிட்டு இப்போது நக்கலடிக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம். முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் அம்மாவே சைக்கிளை இழுத்து வந்து ஸ்ராண்டில் நிறுத்தினார்.

"மிதி, ராசா."

ரேடியோவோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். செய்தி முடிந்தது, பாட்டுப் போனது, அடுத்த செய்தியும் வந்தது. கால் கடுக்குது என்றேன். "இன்னும் கொஞ்சம், என்ர ராசா, இன்னும் கொஞ்சம்" என்றார். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

ஒருவழியாக அம்மாவுக்கும் என் காலில் அக்கறை வந்துவிட்டது என்று எனக்குப் பெரிய சந்தோஷம். மாமா வந்து பார்த்ததும் அசந்துபோக வேண்டும் என்று இன்னும் வேகமாக மிதித்தேன்.