படகின் நிறத்தில் ஒரு கதவு

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவர் குப்பம் ஒன்றில் பிறந்தவள் நான். திருமணத்துக்குப் பின் தாம்பரத்துக்காரி. குரோம்பேட்டையில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வரைபடம் வரைகிறேன். எங்கள் ஊரின் தன்மை கெடாமல் வீடு கட்ட ஒரு வழிகாட்டி எழுதித் தரும்படி ஊராட்சி எங்கள் அலுவலகத்தைக் கேட்டது. அந்த வேலை என் மேசைக்கு வந்த மாலையில், ரயில் நிலையம் வரை நான் சற்று நிமிர்ந்தே நடந்தேன்.

வழிகாட்டியின் விதிகள் எளிமையானவை. கடலுக்கு இறங்கும் சந்துகளின் வாயை யாரும் அடைக்கக் கூடாது. கடலைப் பார்த்த முதல் வரிசையில் ஒரு மாடிக்கு மேல் எழுப்பக் கூடாது. வலை காயும் மணலில் சுற்றுச்சுவர் கூடாது. இவை உடனே தேவைப்பட்டன. தெற்குச் சந்தின் வாயிலேயே நான்கு மாடி விடுதி கட்ட ஒருவர் ஊராட்சியில் வரைபடம் கொடுத்திருந்தார். அதை மறுக்க ஊராட்சியின் கையில் எழுத்தில் ஒன்றும் இல்லை. ஊர்க்கூட்டம் வழிகாட்டியை ஏற்றால்தான் மறுக்க முடியும்.

ஒரே ஒரு பக்கம் எனக்கு உறுத்தியது. சுவர்கள் வெள்ளை, கதவுகள் மரப் பழுப்பு என்று அதில் இருந்தது. கடற்கரைக் கிராமம் கண்ணுக்கு அமைதியாக இருக்க வேண்டும் என்பது கட்டடக் கலைஞரான எங்கள் சாரின் எண்ணம். எங்கள் ஊரில் படகுக்கு வண்ணம் அடித்து மீந்ததை வீட்டுக் கதவுக்கு அடிப்பார்கள். கிளிப்பச்சைப் படகுக்குக் கிளிப்பச்சைக் கதவு. கூரியர்காரருக்குக்கூட நாங்கள் கதவு எண்ணைச் சொல்வதில்லை, நிறத்தைத்தான் சொல்வோம். இதைச் சாரிடம் சொன்னேன். "ஊர்க்காரங்களும் சொல்லட்டும்மா, மாத்திடலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம். ஊர்த் தலைவரான நாட்டார் நடுவில் உட்கார்ந்திருந்தார். சார் ஒவ்வொரு விதியாகப் படிக்க, தலைகள் அசைந்தன. நிறத்தைப் பற்றிய பக்கம் வந்ததும் என் அண்ணி எழுந்தாள். அண்ணன் வீடு அப்போதுதான் கட்டி முடிந்திருந்தது. படகும் கதவும் கத்திரிப்பூ நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தன.

"இன்னா சார், கதவுக்குப் பழுப்பா? அப்ப படகுக்கு?"

"படகு உங்க இஷ்டம்மா. இது வீட்டுக்கு மட்டும்தான்."

"படகு ஒரு கலரு, வூடு ஒரு கலரா? என் வூட்டுக்காரரு எந்தக் கதவத் தட்டுவாரு?"

மண்டபம் சிரித்தது. அண்ணனும் சிரித்தார், தலையைக் குனிந்துகொண்டு.

பின்னாலிருந்து ஒருவர், "வெள்ளையடிச்சிட்டு வாசல்ல ஒரு நீச்சல் குளமும் வெட்டிடுங்க சார், ரிசார்ட்டு ரெடி" என்றார். இன்னொருவர் எழுந்தே விட்டார். "இந்தப் புக்கே வோணாம். எடுத்துகினு போங்க." ஆமாம், ஆமாம் என்று நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன.

ஒரு பக்கத்துக்காக மொத்த வழிகாட்டியும் போனால் தெற்குச் சந்தும் போய்விடும். அந்தச் சந்து வழியாகத்தான் பாதி ஊர் கடலுக்குப் போகிறது.

நாட்டார் என்னைப் பார்த்தார். "நீ இன்னா சொல்ற கண்ணு? நீயும் அந்த ஆபீசுதான?"

"சித்தப்பா, புக்கத் தூக்கிப் போட்டா நமக்கு ஒண்ணும் மிச்சமில்ல, ஓட்டல்காரருக்குத்தான் லாபம். இந்த ஒரு பக்கத்த இங்கயே மாத்தி எழுதிடலாம்."

சார் தம் பேனாவையே என்னிடம் நீட்டினார். நின்றபடியே எழுதி, உரக்கப் படித்தேன்: "கதவின் நிறம் அவ்வீட்டுப் படகின் நிறமாக இருப்பது இவ்வூர் வழக்கம். அதற்குத் தடை இல்லை."

"தடை இல்லையா?" என்றாள் அண்ணி. "ஏதோ பாவம் பாத்து வுட்டா மாதிரி கீது. நல்லா எழுதுமா."

அவள் சொன்னது சரி. இரண்டாம் வாக்கியத்தை அடித்துவிட்டு, "அவ்வழக்கம் காக்கப்படும்" என்று எழுதினேன். படித்து முடிப்பதற்குள் கைதட்டல் வந்துவிட்டது. நாட்டார் எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, "மொத்தமும் சம்மதந்தான?" என்றார். சம்மதம் என்றது ஊர்.

இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ கட்டடங்களுக்கு வரைந்திருக்கிறேன். எதிலும் என் பெயர் இருந்ததில்லை, இதிலும் இல்லை. ஆனால் அச்சாகி வந்த வழிகாட்டியில் அந்தப் பக்கத்தை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன், கேட்காதவர்களுக்கும் சேர்த்து.

விடுதிக்காரரின் வரைபடத்தை ஊராட்சி விதியைக் காட்டித் திருப்பி அனுப்பியது. அவர் சந்தின் வாயை விட்டு விலகி, ஒரு மாடியோடு புதிதாக வரைந்து கொடுத்தார். இப்போது வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. போன வாரம் அண்ணி தொலைபேசியில் அழைத்தாள்.

"ஓட்டல்காரரு வூட்டாண்ட வந்தாரும்மா. அவருக்குத்தான் படகு இல்லியே, கதவுக்கு இன்னா கலரு அடிக்கிறதுன்னு கேக்குறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

"யாரு வூட்டுல மீன் வாங்குறியோ, அவங்க கலரு அடின்னேன். நாளைலேர்ந்து நம்மகிட்டதான் வாங்குறாராம்."