குண்டடிக்கு முன்னே கட்டுப் போட்ட மாறன்

என் தம்பி தம்மபாலன் சினிமாப் பெட்டி கொண்டுபோகும் வேலையில் இருந்தான். இது வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரிவதில்லை. படத்துக்குப் பிரதி ஒன்றுதான் வரும். ஒரே சாயங்காலத்தில் அதை இரண்டு கொட்டகைகளில் காட்டுவார்கள். ராபர்ட்சன்பேட்டையை நாங்கள் பேட்டை என்போம். பேட்டைக் கொட்டகையில் ஆட்டம் முதலில் தொடங்கும். அங்கே ஓடி முடிந்த சுருள்களைத் தகர டப்பாக்களில் போட்டு, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, தம்பி எங்கள் ஊரான ஊரிகத்தின் கொட்டகைக்குக் கொண்டுவருவான். தங்கச் சுரங்கம் கழித்துக் கொட்டிய சயனைடு மண்மேடுகளைச் சுற்றி வரும் சாலை அது. எதிர்க்காற்று அடித்தால் கண்ணைத் திறக்க முடியாது. அப்படியும் அவன் தாமதத்தால் ஊரிகத்தில் ஒருநாளும் திரை வெள்ளையாக நின்றதில்லை. இதை நான் அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, ஊரிகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் நைனா அப்பாதுரை மார்பில் கல்தூசி சேர்ந்து சுரங்க வேலையை விட்டு நின்றவர். அவருடைய இடத்துக்கு மகனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பேர் கொடுக்க வேண்டும். தம்பிக்குக் கீழே இறங்கப் பயம். சிறு வயதில் நைனாவோடு ஒருமுறை கேஜில், அதாவது சுரங்கத்து இரும்புக் கூண்டில், இறங்கிவிட்டு வந்து இரண்டு நாள் பேசாமல் கிடந்தான். நைனா சத்தம் போடுகிறவர் அல்ல. "கொட்டாய் வேலை இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். அது போச்சின்னா என் எடத்துக்குப் போயிடு. சும்மா மட்டும் ஒக்காராதே" என்று மட்டும் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் 'மின்னல் மாறன்' இரண்டாம் பாகம் வந்தது. பகலில் திக்கிப் பேசும் தபால் சேவகன், நீல முகமூடி போட்டால் கையில் மின்னல் பாய வானத்தில் பறப்பான். சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லைனில் முதல் பாகத்தைப் பார்க்காதவர்கள் இல்லை. ஊரிகத்துக் கொட்டகை மேனேஜர் ராஜப்பா இரண்டு வாரத்துக்கு வாடகை கட்டி வாங்கியிருந்தார். முதல் ஆட்டம் நிரம்பி வழிந்தது. ஆனால் பாதிக்கு மேல் ஒரே விசில், கேலி. சிலர் எழுந்தே போய்விட்டார்கள். சனிக்கிழமை பாதிக் கொட்டகை காலி.

ராஜப்பா தம்பியைக் கூப்பிட்டு, "இந்தப் படம் போண்டி. நாளையோட பெட்டிய அனுப்பிடறேன். இனிமேல் பழைய படமா தனியா வரவழைச்சிப் போட்டுக்கிறேன். பேட்டையோட கூட்டும் வேணாம், சைக்கிளும் வேணாம். நீ வேற எங்கியாவது பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டார்.

தம்பி வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை குழாயடியில் எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒருத்தி கிருஷ்ணம்மா, வெள்ளிக்கிழமை ஊரிகத்தில் பார்த்தவள். இன்னொருத்தி ஜெயம்மா, அதே நாள் தங்கை வீட்டுக்குப் போய்ப் பேட்டையில் பார்த்தவள்.

"இன்னா படம்டி அது. மொத பாகத்துக் கால்தூசிக்கு ஆவுமா?" என்றாள் கிருஷ்ணம்மா.

"ஏன், பறக்கிறது எவ்ளோ நல்லா கீது. மொத பாகத்துல முதுகுல கம்பி தெரிஞ்சிது. இதுல தெரியவே இல்ல" என்றாள் ஜெயம்மா.

"கம்பி தெரிஞ்சா தெரியட்டுமே, கதை தெரியணும் இல்ல? வில்லன் கூட இதுல சப்பை. பாட்டு வேற, மாத்தி மாத்தி."

"பாட்டு ஜாஸ்திதான், ஒத்துக்கிறேன். ஆனா அந்தப் பொண்ணு அவன் முகமூடியக் கழட்டிப் பாத்துட்டு அழுவுது பாரு, எனக்கே அழுகை வந்திடுச்சி."

"எனக்குச் சிரிப்புதான் வந்துது. மூஞ்சியப் பாத்து அழுவுறா, மருந்து கட்டறா, அவன் எழுந்து பறந்து போறான். அடுத்தாப்ல அவளே வந்து 'நீங்கள் யார்'னு கேக்கறா. மறதிக்காரியா அவ?"

"இல்லியே. யாருன்னு கேட்டது மின்னாடி. அப்புறம்தான் குண்டடி, அப்புறம்தான் கட்டு."

"நம்ம ஊரு கொட்டாய்ல கட்டு மின்னாடி, குண்டு பின்னாடி. எங்க வூட்டுக்காரர் இன்னா சொன்னாரு தெரியுமா? மாறனுக்கு எல்லாம் மின்னாடியே தெரியுமாம், அதனால குண்டு வர்றதுக்கு மின்னாடியே கட்டு போட்டுக்கினானாம்."

"ஒங்க வூட்டுக்காரர் தூங்கி எழுந்து பாத்திருப்பாரு."

"தூங்கலடி, நானே கூட இருந்தேன். குண்டடி பட்டுத் தொப்புனு விழறான். ஒடனே எழுந்து வில்லனப் போட்டு மொத்தறான். ஒரு கீறல் இல்ல."

என் குடம் நிரம்பி வழிந்தது. நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை, ஆனாலும் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பது விளங்கியது. இரண்டு பேரும் பார்த்தது ஒரே படம்தான், வரிசைதான் வேறு. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

தம்பியிடம் சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. "வெள்ளிக்கிழமை ரயில்வே கேட்டாண்ட தண்டவாளத்துல ஏறி எறங்கறப்ப கயிறு அறுந்துச்சிக்கா. பதினொண்ணாம் நம்பர் டப்பாவும் பன்னெண்டாம் நம்பர் டப்பாவும் விழுந்து மூடி கழண்டுபோச்சி. சுருளு ரெண்டையும் எடுத்து டப்பால போட்டு மூடினேன். எதுல எதுன்னு பாக்கல. லேட்டாயிடுச்சேன்னு வந்துட்டேன்."

ஊரிகத்து ஆப்பரேட்டர் ஹரோல்ட் கவனமானவர்தான். அன்று ஜனங்கள் விசிலடிக்கவே டப்பாவின் மேலிருந்த நம்பரை மட்டும் பார்த்து ஓட்டிவிட்டிருக்கிறார். அன்றிரவு சுருள்கள் திரும்பிப் போனபோது பேட்டை ஆப்பரேட்டர் கண்டுபிடித்துச் சரியாக மாற்றி வைத்துவிட்டாராம், அதனால் சனிக்கிழமை படம் நேராகத்தான் ஓடியிருக்கிறது. ஹரோல்டின் தவறு என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

"நான் போய்ச் சொன்னா ரெண்டு கொட்டாய்லயும் சேக்க மாட்டாங்கக்கா" என்றான் தம்பி.

"சொல்லலைன்னாலும் வேலை போனது போனதுதான். நாளைக்கு நைனா ஒன் பேரைக் குடுக்கத்தான் போறார். வா, நானும் வர்றேன்."

ராஜப்பா கொட்டகை வாசலில் போஸ்டர் ஒட்டும் பலகைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பி நின்றபடியே கயிறு அறுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். எதையும் குறைக்கவில்லை, யார் மேலும் போடவில்லை. ஹரோல்ட் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. நான் பக்கத்தில் நின்று கேட்டேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

ராஜப்பா எழுந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப படம் நல்லா கீதா?" என்றார்.

"பேட்டையில ஹவுஸ்புல்லுங்க."

"படத்துல கோளாறு இல்லியா?"

"பாட்டு கொஞ்சம் ஜாஸ்திங்க."

அவர் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்து வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. போண்டிப் படத்தை வாங்கிட்டேன்னு வூட்ல வேற திட்டு. அட பாவி, இத நேத்தே சொல்றதுக்கு இன்னா?" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு திட்டவும் செய்தார், நன்றாகவே திட்டினார். ஆனால் நடுவில் "இன்னைக்கிக் கயிறு புதுசா வாங்கிக்கோ" என்று அவர் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது.

மத்தியானமே ஜட்கா வண்டியில் ஆள் வைத்து லைன் லைனாகச் சொல்லச் சொன்னார். வெள்ளிக்கிழமை பார்த்தவர்கள் கதையை முன்பின்னாகப் பார்த்துவிட்டார்கள், இன்று நேராகப் பார்க்கலாம் என்று. அன்று சாயங்காலம், முன்பு வராதவர்களும் வந்தார்கள், பார்த்தவர்களும் திரும்ப வந்தார்கள். கிருஷ்ணம்மா தன் வீட்டுக்காரரோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள். படம் விட்டதும் என்னைப் பார்த்து, "நாங்க பாத்ததுதான் ஒசத்தி. இது எல்லாப் படம் மாதிரியே கீது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நைனாவும் வந்திருந்தார். இருமல் வந்தபோதெல்லாம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தார். முதல் பாகத்து வில்லன்தான் சரியான வில்லன் என்பது அவருடைய தீர்ப்பு. தம்பி அதை ஒத்துக்கொள்ளவில்லை. வீடு வரும் வரைக்கும் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை நைனா சட்டையை மாட்டினார். தம்பியின் பேரைக் கொடுக்கத்தான் கிளம்புகிறார் என்று நினைத்தேன். "ஆபீசுக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா. நம்ம லைன் பெருமாள் பையன் வேலை இல்லாம சுத்திகினு கீறான். என் எடத்துக்கு அவன எடுத்துக்குவாங்களான்னு கேட்டுட்டு வர்றேன்" என்றார். கதவருகே நின்று, தூங்கிக்கொண்டிருந்த தம்பியை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.