ஆரோக்கியசாமியும் தடை செய்யப்பட்ட மந்திரமும்

ஆரோக்கியசாமி போய்விட்டான். நேற்றுக் காலை... ஹார்ட் அட்டாக்.

ஜூஜுவாடியில் வீடு. பேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன், என்னைவிட ஆறு வயது இளையவன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவன் வீட்டு மேசையில் ஒரு விளையாட்டு ஆடுவோம். பகடை, பேப்பர், பென்சில்... மற்றதெல்லாம் வாயால் சொல்லும் கதை. அவன் கதையை நடத்துவான். நானும் நண்பன் மஞ்சுநாத்தும் அதில் மந்திரவாதிகள்.

விதிப்புத்தகம் பெங்களூரில் எடுத்த ஜெராக்ஸ். நான் பத்தாவது ஃபெயில். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு இரண்டு வருடத்தில் முழுதாகப் படித்தேன். டிப்ளமா படித்த ஆரோக்கியசாமி பாதிகூடப் படிக்கவில்லை. இதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

அதில் ஒரு விதி. மந்திரம் எட்டு வகை. ஒன்றில் ஸ்பெஷலிஸ்ட் ஆனால் அதற்கு எதிரான வகைகள் ஆயுளுக்கும் தடை.

விளையாட்டில் என் ஆள் மாயத்தோற்றக்காரன். இல்லாததை இருப்பதாகக் காட்டுவான், ஆனால் காப்பு மந்திரம் அவனுக்கு ஆகாது. மஞ்சுநாத்தின் ஆள் வசியக்காரன். அவன் நெருப்பு மந்திரத்தைத் தொடக்கூடாது.

நான்கு வருடம் நான் வளர்த்த ஆள்... ஒரு ஞாயிற்றுக்கிழமை டிராகனிடம் மாட்டிக்கொண்டான். கையில் காப்பு மந்திரம் எழுதிய சுருள் ஒன்று இருந்தது.

“அண்ணா, இந்த ஒரு வாட்டி படிச்சிருங்க. நான் கண்டுக்கல” என்றான் ஆரோக்கியசாமி.

“தடைன்னா தடை, சாமி. பகடையப் போடு” என்றேன்.

போட்டான். என் ஆள் செத்தான்.

செத்த ஆளின் விவரம் எழுதிய தாளைக் கிழித்துவிடுவது எங்கள் வழக்கம். நானே கிழித்தேன். வருத்தமில்லை, விதி அது.

அடுத்த மாதம் மஞ்சுநாத்தின் ஆளை ஒரு பூதக்கூட்டம் வளைத்தது. ஆரோக்கியசாமி அவனிடமும் அதையே சொன்னான். மஞ்சுநாத் யோசிக்கவே இல்லை. நெருப்பை வீசிப் பிழைத்துக்கொண்டான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்படியானால் என் ஆள் எதற்குச் செத்தான் என்று கேட்டேன்.

“உங்களுக்கும்தாண்ணா சொன்னேன். நீங்கதான் கேக்கல.”

எழுந்து வந்துவிட்டேன். ஆறு வருடம் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

நடுவில் ஒருமுறை ஆரோக்கியசாமி என்னை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தான். விதிப்புத்தகத்துக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதாம், அதில் அந்தத் தடையையே எடுத்துவிட்டார்களாம். திரும்பி வரச் சொன்னான்.

“என் ஆளு செத்தப்புறமா?” என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

இன்று அடக்கத்துக்கு ராயக்கோட்டையிலிருந்து கிளம்பினேன். சானமாவுக் காட்டில் யானை ரோட்டைக் கடக்கிறது என்று வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். போய்ச் சேரும்போது பெட்டியை மூடியிருந்தார்கள். முகம் பார்க்கவில்லை.

கல்லறை கேட் பக்கத்தில் மஞ்சுநாத் நின்றிருந்தான். “இனிமே யாருண்ணா கத நடத்தறது?” என்று கேட்டான்.

நான் நடத்துகிறேன் என்றேன். பழைய புத்தகம்தான், தடை உண்டு. அந்த வசியக்காரன் மட்டும் என் மேசைக்கு வரக்கூடாது, அவன் அன்றைக்கே செத்தவன் என்றும் சொன்னேன்.



“சரிண்ணா... புதுசா ஒருத்தன எழுதிட்டு வரேன்.”

போய் வா, ஆரோக்கியசாமி. அன்றைக்கு நீ செய்தது தவறுதான்.

நிம்மதியாகத் தூங்கு.