தேயிலைத் தூளில் ஒரு முகம்

நேற்று அடுத்த வீட்டுப் பிள்ளைகள் பட்டம் ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசை காய்ச்சினார்கள். அந்த வாடை சன்னலேறி வந்ததும் எனக்குக் கண்டியின் பழைய தேயிலைக் களஞ்சியமும், அங்கே என்னோடு கணக்கெழுதும் எழுதுவினைஞராய் இருந்த சிவகாமியும் நினைவுக்கு வந்தார்கள். மல்லிகை மணத்துக்கு உருகுவோர் பாக்கியவான்கள். எனக்கு வாய்த்தது பசை.

சிவகாமி அப்போதுதான் படம் செய்யத் தொடங்கியிருந்தாள். ‘வரைந்தாய்’ என்றால் அவளுக்குக் கோபம் வரும். உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகை, அதன் உட்புறத்து ஈயத்தாள், சாக்கு, தேயிலைத் தூள்: இவையே அவளுடைய வண்ணங்கள். ஈயத்தாளை அவள் கசக்கிப் பதித்தால், தோட்டத்துக் காமன் கூத்தில் அவள் அப்பா சூடிய முடியின் பளபளப்பு அதில் வந்துவிடும்.

தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தின்படி அவளுடைய அம்மாவுக்குக் கடவுச்சீட்டுக் கிடைத்தது, மகளுக்குக் கிடைக்கவில்லை. இந்தியாவுக்குக் கப்பலேறப் புறப்பட்ட அம்மா, கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை விட்டுச் சென்றார். வீட்டில் ஒரு புகைப்படமும் இல்லை. சிவகாமி அந்தப் படங்கின்மேல் தேயிலைத் தூளால் அம்மாவின் முகத்தை ஒட்டினாள்.

“பசையில கொஞ்சம் மயில்துத்தம் கலந்துக்க. பூஞ்சணம் புடிக்காது” என்றேன்.

“கலந்தா மொகம் பச்சையாயிருங்க. எங்கம்மா என்ன மீனாட்சியா?”

பேராதனையில் ஒரு மண்டபத்தில் அவளுடைய முதற் கண்காட்சி. அந்த வாரம் முழுவதும் மழை விடவில்லை. சுவரில் ஊறிய ஈரம் படங்கிலும் ஏறிற்று. தூள் சாயம் விட்டு, அம்மாவின் கண்களிலிருந்து பழுப்புக் கோடுகள் இறங்கின. பார்க்க வந்த யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் ஒருவர் நெகிழ்ந்துபோனார்.

“கண்ணீரைப் பாருங்கோ! எவ்வளவு நுணுக்கமாச் செய்திருக்கிறா பிள்ளை!”

“நான் செய்யலீங்க ஐயா, மழை செய்யுது.”

அவர் அதையும் அடக்கம் என்றே எண்ணிச் சிரித்தார். நான் கைக்குட்டையை எடுத்தேன்.

“தொட்டுறாதீங்க! மொகம் கையோட வந்துரும்.”

ஆகவே இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். மாலைக்குள் மூக்கு சரிந்தது. மறுநாள் வாய் இல்லை. கண்காட்சி முடிந்தபோது எஞ்சியது வெறும் படங்கு. அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கெலிஓயா பஸ்ஸில் அவள் வீடு திரும்பினாள்.

பின்னர் அவளுக்கும் கடவுச்சீட்டு வந்தது; போய்விட்டாள். இன்று தேயிலை தடித்த தாட்பைகளில் போகிறது. பலகைப் பெட்டியுமில்லை, ஈயத்தாளுமில்லை. அவளும் நானும் மட்டுமே முழுதாகக் கண்ட அந்த முகத்தை நேற்று நினைவில் கூட்டிப் பார்த்தேன். முகம் வரவில்லை. அதன்மேல் இறங்கிய கோடுகளே வந்தன.