துருக்கிக்கு ஒரு துஆ

கல்முனை, 25 ஜூன் 1954

கொழும்பிலிருக்கும் கூட்டாளிமாரே,

இன்று கல்முனை பஸ் நிலையத்தடித் தேநீர்க்கடையில் எனக்கு வந்த கோபம் இந்தத் தபாலட்டைக்குள் அடங்காது.

உலகக் கிண்ணப் பந்தாட்டத்தில் நம் துருக்கி எட்டு கோல் அடித்து நாலு வாங்கியது. ஜேர்மனி ஏழு அடித்து ஒன்பது வாங்கியது. ஆளுக்கு ஒரு வெற்றி என்பதால் இரண்டும் சமனாம். மறுபடி மோதவேண்டுமாம். கோல் கணக்குச் செல்லாதாம்!

கடையில் கிடந்த பத்திரிகையை, எல்லோருக்கும் அண்ணன் முறையான கடைக்கார மீரா காக்காவிடம் வாசித்துக் காட்டி, "இது என்ன நியாயம் காக்கா?" என்று கேட்டேன்.

"உடு தம்பி. திரும்ப ஆடத்தானே போறாங்க? ஒரு துஆ கேப்பம்," என்றார்.

கடையிலிருந்த அத்தனை பேரும் கோப்பையை வைத்துவிட்டுக் கை ஏந்தினோம். காக்கா உருகி உருகி ஓதினார். என் ஆமீன் சத்தத்துக்கு வீதியில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் மட்டக்களப்புக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய ஒருவர் உள்ளே நுழைந்தார். "ஆரு மௌத்து?" என்று இழவு வீட்டில் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டார்.

"மௌத்தில்ல. துருக்கி வெல்லோணும் எண்டு கேக்கிறம்," என்றேன்.

அவர் கையிலிருந்த புதுப் பத்திரிகையை விரித்தார். "அது முந்தாநாளே முடிஞ்சி. ஏழுக்கு ரெண்டு. ஜேர்மனி வெண்டுட்டான்."

காக்கா மட்டும் அசரவில்லை. "மௌத்தானவங்களுக்கும் துஆ கேக்கலாம் தம்பி," என்றார்.

உங்களுக்கு நேற்றுக் காலையிலேயே தெரிந்திருக்கும். ஒரு தந்தி அடிக்க ஒருவருக்கும் கை வரவில்லையா?