இரண்டாம் கியரிலேயே

பால் டேங்கர் யார்டை விட்டுக் கிளம்பும்போது நோயல் கெர்ஸ்லேக் அதைப் பார்ப்பதில்லை. தேநீர்க் கோப்பையோடு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்கிறார். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் உறுமும். சற்றுப் பின்னால் மெல்லிய விசில் ஒன்று கிளம்பி மேலே ஏறும். உறுமலுக்கும் விசிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதுதான் நோயலுக்கு முக்கியம். கேட்டுவிட்டு ஒரு வாய் தேநீர் குடிப்பார். “இவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு. திரும்பி வந்ததும் உள்ள விடுங்க” என்பார். டேங்கர்கள் எல்லாமே அவருக்குப் பெண்கள்தான்.

ஹாவெரா என்ற ஊரின் பால் தொழிற்சாலையில் டேங்கர்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. ஐம்பது கடந்த, நெடுநெடுவென்ற மனிதர். கோடையிலும் கம்பளித் தொப்பி. காலைத் தின்பண்டம், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ ஒன்று. அதையும் முதலில் ஓரத்தைச் சுற்றித் தின்று முடித்த பிறகுதான் நடுவுக்கு வருவார். எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. கேட்டவர் கேள்வியையே மறந்து வேறு பேச்சுக்குப் போயிருப்பார். அப்போது நிதானமாகப் பதில் சொல்வார். அவர் மனைவி மாரமாவுக்கு இது பழகிவிட்டது. “என்னைக் கட்டிக்கிறியான்னு நான்தான் கேட்டேன். இவரு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எங்கம்மா கல்யாண விருந்துக்குப் பன்னியே அறுத்துட்டாங்க” என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

மாரமா மாட்டுப்பண்ணைக்காரர். மலைச்சாலைப் பந்தயமும் ஓட்டுவார். வளைந்து வளைந்து ஏறும் சாலையை ஒரு நாளைக்கு மூடிவிட்டு, ஒவ்வொரு காராக மேலே விட்டு நேரம் பார்க்கிற பந்தயம் அது. பழைய ஜப்பானியக் கார். பெட்ரோல் எஞ்சின், டர்போ உண்டு. அவருடைய பந்தய வகுப்பில் ஆண்கள் பலபேர் அந்தக் காரின் பின்பக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

ஒரு வசந்தகாலத்தில் கறவைக் கொட்டிலில் மிரண்ட பசு ஒன்று இரும்புக் கதவை உதைத்தது. கதவுக்கும் கம்பத்துக்கும் நடுவே மாரமாவின் இடது மணிக்கட்டு சிக்கியது. மருத்துவர்கள் தகடு வைத்து எலும்பை இணைத்தார்கள். விரல்கள் பிழைத்தன. மணிக்கட்டு மட்டும் அதற்குப்பின் மடங்கவே இல்லை.

அவர்கள் ஊர்க் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்வார், கியர் இடதுகைக்கு. இரண்டு, மூன்று, நான்கு எல்லாவற்றையும் தோளை அசைத்தே போட்டுவிட மாரமாவால் முடிந்தது. முதல் கியர்தான் முடியவில்லை. அதற்குத் தண்டை அப்பால் தள்ளி முன்னே குத்த வேண்டும். மணிக்கட்டு மடங்காமல் அது நடக்காது. சாலையின் மேல்பாதியில் இருந்த கொண்டை ஊசி வளைவிலோ முதல் கியர் இல்லாமல் வேலைக்காகாது. இரண்டிலேயே திரும்பினால் எஞ்சின் சுற்று இறங்கிவிடும், டர்போ தூங்கிவிடும். மாரமா மிதிப்பார், கார் யோசிக்கும். எல்லாம் முடிந்த பிறகு, வேண்டாத நேரத்தில், பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி பாயும்.

விபத்துக்குப்பின் ஓட்டிய முதல் பந்தயத்தின்போது, கீழே இறங்கி வந்த மாரமா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னது இது: “வீட்லயும் காத்திருக்கேன், இங்கயும் காத்திருக்கணுமா?” எல்லோரும் சிரித்தார்கள். நோயல் சிரிக்கவில்லை. மறுநாள் காலை அவர் இறைச்சி பையைத் தொடவும் இல்லை.

டர்போ என்பது ஒரே தண்டில் மாட்டிய இரண்டு சக்கரங்கள். எஞ்சின் வெளியே விடும் புகை ஒன்றைச் சுழற்றும். மற்றது காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். அது வேகமெடுக்கும் ஓசைதான் அந்த விசில். சுற்று குறைந்தால் புகை குறையும், சக்கரம் சோம்பும். சின்னச் சக்கரம் மாட்டினால் சீக்கிரம் விழிக்கும். மேட்டில் மூச்சு முட்டும். டேங்கர்களின் டீசல் எஞ்சின்களில் இதற்கு ஒரு வழி இருந்தது. சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன இதழ்கள். புகை குறைவாக வரும்போது இதழ்கள் நெருங்கி வழியைக் குறுக்கும். ரப்பர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சுகிற மாதிரி புகை சீறிக்கொண்டு போய்ச் சக்கரத்தில் அடிக்கும். புகை பெருகியதும் இதழ்கள் விரிந்து வழிவிடும். நோயல் தினமும் கழுவித் துடைத்துப் பூட்டுகிற சாமான்தான் இது.

அதை மாரமாவின் பெட்ரோல் எஞ்சினில் மாட்டுவது வேறு கதை. பெட்ரோல் புகையின் சூடு டீசலுக்கு வராது. மேட்டில் விரட்டினால் குழாயே சிவந்து ஒளிரும். முதல் குளிர்காலத்தில் அவர் மாட்டிய இதழ்கள் வெந்து வளையத்தோடு ஒட்டிக்கொண்டன. அடுத்த குளிர்காலத்தில் இடைவெளி கூட்டினார். ஒட்டவில்லை, ஆனால் புகை பக்கவாட்டில் கசிந்து பழைய தூக்கமே திரும்பி வந்தது. மாரமாவின் தம்பி ஹேமி ஞாயிறுதோறும் வந்து கார்க் கொட்டகை வாசலில் நின்று விசாரிப்பார். “வருது, வருது” என்பதே நோயலின் பதில்.

மூன்றாம் குளிர்காலத்தில் நோயல் நியூ பிளிமத் நகரத்துக்குப் போனார். எரிவாயு ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறை ஒன்றில், சூட்டுக்கு அசையாத நிக்கல் கலவையில் இதழ்களையும் ஊசிகளையும் கடைந்து வாங்கினார். எரிபொருளையும் மாற்றினார். அந்த நாட்டில் பாலைத் திரித்தெடுத்த மிச்ச நீரிலிருந்து எரிசாராயம் வடிக்கிறார்கள். அதைக் கலந்தால் புகையின் சூடு இறங்கும். பண்ணைக்காரியின் கார் கடைசியில் பாலையே குடிக்கப் போகிறது என்று ஊர் பேசிக்கொண்டது.

அந்த மாதங்களில் மாரமா கொட்டகைக்குள் அதிகம் வரவில்லை. ஒருநாள் தேநீரோடு வந்தவர், பிரித்துப் போட்டிருந்த இதழ்களைக் கையில் எடுத்துப் பார்த்தார். “யோவ், இந்தத் தடவையும் அது தூங்குச்சுன்னா காரை வித்துடலாம். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல” என்றார். வருத்தமில்லை என்று அவர் சொன்ன விதத்தை நோயல் கேட்டார். கேட்பதுதானே அவர் தொழில். இதழ்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பந்தய நாளன்று மேகமில்லை. டாரனாக்கி மலை உச்சிவரை தெரிந்தது. காலை ஓட்டத்தில் மாரமா கீழ் வளைவுகளை அள்ளிக்கொண்டு போனார். பைன் மரங்களுக்குப் பின்னால் கார் மறைந்தது. கொண்டை ஊசியிலிருந்து வந்த ஓசையில் உறுமல் இருந்தது, விசில் இல்லை. பள்ளத்தாக்கே காத்திருந்த மாதிரி ஒரு வெறுமை. அப்புறம்தான் அந்த உதை.

இறங்கி வந்த மாரமா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். ஹேமி நோயலின் தோளைத் தொட்டுச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார். இதழ்களை விரித்த நிலையிலேயே கட்டிவிடலாம், மதிய ஓட்டத்தை நோயலே ஓட்டட்டும் என்பது அவர் யோசனை. “உனக்கு ரெண்டு கையும் நல்லாருக்கு மச்சான். முதல் கியர் போட்டு ஏறிடுவ. கப்பு நம்ம வீட்டுக்குத்தானே வரும்?”

வழக்கம்போல நோயல் யோசிப்பார் என்று ஹேமி காகிதப் பொட்டலத்திலிருந்து ஒரு சோசேஜ் எடுத்தார். கடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

“அது அவ வளைவு” என்றார் நோயல்.

பானட்டைத் திறந்து, சூடு ஆறும்வரை கைகட்டி நின்றார். பிறகு இதழ்களை ஆட்டும் கம்பியைக் கழற்றி விரலால் தள்ளிப் பார்த்தார். உள்ளே இதழ்கள் வெண்ணெயில் கத்தி போல ஓடின. ஒட்டவே இல்லை. குற்றம் வெளியே இருந்தது. பக்கத்து ஒயர்களைச் சூட்டிலிருந்து காக்க அவரே மடித்து வைத்த தகரம், சூட்டில் நெளிந்து கம்பியைக் கவ்வியிருந்தது. விரிந்த இதழ்கள் திரும்ப நெருங்க முடியாமல் அப்படியே நின்றிருக்கின்றன.

தகரத்தைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு மாரமாவிடம் போனார். இது இல்லாமல் ஓடினால் ஒயர் வெந்து எஞ்சின் பாதியில் நின்றாலும் நிற்கலாம், இருக்கிற ஒயர்களை இழுத்து ஓரமாகக் கட்டித் தருகிறேன், போவதும் விடுவதும் உன் இஷ்டம் என்று சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி மாரமா கேட்டதில்லை.

“நிக்கறதுன்னா அந்த வளைவுக்கு அப்புறம் நிக்கட்டும்” என்று மாரமா ஹெல்மெட்டை எடுத்தார்.

மதியம் கார் மேலேறியபோது நோயல் பார்வையாளர்களுக்குக் கட்டிய கயிற்றோரம் நின்றார். கீழ் வளைவுகள், நேர்சாலை, பைன் மரங்கள். பிரேக் பிடித்ததில் எஞ்சின் தணிந்தது. இரண்டாம் கியரிலேயே தணிந்து, திரும்பியது. உறுமலும் விசிலும் ஒன்றையொன்று விடாமல், ஒரே குரலாக, மேட்டில் ஏறிப் போயின. பக்கத்தில் சோசேஜ் தின்றுகொண்டிருந்த ஹேமி மெல்லுவதை நிறுத்தினார். ஓசை நிற்கவில்லை, உச்சிவரை போய்த்தான் அடங்கியது.

வகுப்பில் மாரமாவுக்கு இரண்டாமிடம். முதலில் வந்தவர் மாரமாவில் பாதி வயதுக்காரர், புதுக் கார்க்காரர். ஆனால் மணிக்கட்டு மடங்கிய காலத்தில் மாரமா போட்ட நேரத்தைவிட அன்றைய நேரம் குறைவு. ஒலிபெருக்கியில் அதைப் படித்தபோது பண்ணைக்காரர்கள் தங்கள் வேன்களின் ஹாரனை அமுக்கினார்கள்.

எல்லாக் கார்களும் வரிசையாக இறங்கி வந்தன. மாரமா நிழலில் நிறுத்தினார், எஞ்சினை அணைக்கவில்லை. ஓடி வந்த டர்போவை உடனே அணைத்தால் உள்ளே எண்ணெய் கருகிவிடும். சற்று நேரம் சும்மா ஓடவிட வேண்டும். இதழ்களைப் பார்க்க நாலைந்து பேர் பானட் பக்கம் கூடினார்கள். ஹேமி அவர்களுக்கு எல்லாம் தான் செய்தது போல விளக்க ஆரம்பித்தார். நோயல் அங்கே போகாமல் ஓட்டுநர் கதவோரம் வந்து குந்தினார்.

இடதுகை உறையை மாரமா எப்போதும் பல்லால் கடித்துத்தான் இழுப்பார். உதவ யாரையும் விட்டதில்லை. இன்று கியர்த் தண்டிலிருந்து எடுத்த கையை ஜன்னல் வழியாக அவரிடம் நீட்டினார். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, நோயல் உறையைச் சுண்டுவிரலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.