பெரிய வெள்ளிக் கஞ்சி

குனோங் ராபாட் ஊர்த் தேவாலயத்தில் சனிக்கிழமைகளில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறோம். இன்று பூண்டும் வெந்தயமும் கொதித்த வாசனையில் நாங்கள் முன்பு வாழ்ந்த ரப்பர் தோட்டம் நினைவில் எழுந்து வந்தது. இப்போது அங்கே எண்ணெய்க்காக நட்ட செம்பனைதான் நிற்கிறது.

பெரிய வெள்ளிதோறும் அம்மா மாரியம்மன் கோயில் அண்டாவை இரவல் வாங்கி, ஈர விறகு கண்ணைக் கரிக்க, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று பாராமல் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுவதற்கும் கஞ்சி காய்ச்சுவார். பாலுக்காக ரப்பர் மரம் சீவிவிட்டு நேரே வந்தவர்கள் குவளையை ஊதி ஊதிக் குடிக்க, அவர்கள் விரல்களில் ஒட்டிய ரப்பர் பாலின் புளித்த வாடையும் கஞ்சியின் மணமும் ஒன்றாகவே எனக்குள் தங்கிவிட்டன.

தோட்டம் விற்கப்பட்டு எல்லாரும் வீட்டைக் காலி செய்த அன்று, பெரிய வெள்ளி இல்லாமலே அண்டா அடுப்பேறியது. லாரியில் சாமான் ஏற்றிய பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா காலிக் குவளையோடு அம்மா முன் வந்து நின்றார்.

"கஞ்சி குடிச்சாச்சு மேரிக்கா. இனிமே எங்க போறது?"

அம்மா அவர் குவளையில் இன்னொரு அகப்பை ஊற்றினார்.

இன்று தேவாலயக் கஞ்சி வரிசையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி நின்றாள். வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றிவிட்டார்களாம்.

"சர்ச்சுல தங்க இடம் இருக்காக்கா?"

இல்லை. என் கை தானாக அகப்பையை எடுத்தது.